மண்டகப்பட்டும் மென்முனையமும்: கணிப்பொறியின் இருப்பிடம் பற்றியதோர் ஆராய்ச்சி

விழுப்புரத்தினின்று செஞ்சிக்குச் செல்லும் பெருவழியினின்று சிறிது விலகி மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள பாறையொன்றில் பல்லவ வேந்தனாகிய முதலாம் மகேந்திரவர்மன் கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த கோயிலையும், அதன்கண் உள்ள வடமொழிக் கல்வெட்டையும் வரலாறு பயில்வோர் நன்கு அறிவர். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றிப் பிரமன், ஈசுவரன், விட்டுணு என்னும் மூவர்க்கும் விசித்திரசித்தன் இதனை ஆக்குவித்தான் என்பது அக்கல்வெட்டின் பொருள். ஒரு கட்டடம் எவற்றால் ஆயது என்று கூறாமல், எவை இன்றி ஆயது என்று கூறுவதே அதன் தனித்தன்மை. மகேந்திரனுக்கு முன் இந்நாட்டுக் கோயில்கள் பெரும்பாலும் இந்நான்கு பொருள்களாலேயே எழுப்பப்பட்டன என்னும் முடிவிற்கு அறிஞர் வந்ததும் இவ்வெதிர்மறைக் கூற்றினாலேயாம்.

நாம் ஈண்டு ஆராயப் புகுந்த கருவிக்கும் இலக்கணம் எதிர்மறையாலேயே அமைகின்றது. ‘தின் கிளையண்ட்’ என்று துறையோர் வழங்கும் மென்முனையத்தில் செய்திகளைச் சேமிக்கும் வன்தட்டு இல்லை. வெப்பம் தணிக்கும் விசிறி பெரும்பாலும் இல்லை. பயன்படுத்துவோர்க்கு வேண்டும் மென்பொருள்கள் அதன்கண் இல்லை. திரை, விசைப்பலகை, வலையிணைப்பு, இவற்றை இயக்கப் போதுமான சிறு செயலி ஆகியவையே அதன் உறுப்புக்கள். ஆயின் ஒப்புமை இவ்வளவில் நின்றுவிடும். மகேந்திரன் நான்கினை நீக்கியதனால் அவன் கோயில் பிறிதொன்றையும் வேண்டாது நிற்கின்றது. மென்முனையமோ நீக்கியவற்றையெல்லாம் தொலைவிலுள்ள வழங்கியினின்று நொடிதோறும் வேண்டிப் பெறுகின்றது. முன்னது தற்சார்பு, பின்னது முழுச்சார்பு.

கணிப்பொறியின் வரலாற்றைத் தமிழாராய்ச்சி ஏடொன்றில் எழுதுவது எற்றுக்கு என்று சிலர் வினவக்கூடும். தமிழ் நூல்களும், நிலத்தின் உரிமை ஆவணங்களும், கல்வெட்டுக்களின் படிகளும் இன்று இப்பொறிகளின் வழியாகவே நம்மை வந்தடைகின்றன. அவை எங்கு உறைகின்றன, யார் வாயிலாக வருகின்றன என்பன மூலபாட ஆராய்ச்சியாளர் கேட்டே தீரவேண்டிய வினாக்கள்.

பெருங்கணிப்பொறிக் காலம்

தொடக்கத்தில் கணிப்பொறி ஓரிடத்தில் நின்றது. மக்கள் அதனை நாடிச் சென்றனர். 1960களில் இந்திய இரயில்வே தன் கணக்குப் பணிகளுக்கு ஐ.பி.எம். 1401 என்னும் பொறியை அமர்த்தியது. துளையிட்ட அட்டைகளை அடுக்கிக் கொடுத்து, விடை அச்சாகி வரும்வரை காத்திருத்தல் அக்கால வழக்கு. அப்பொறியின் நினைவகம் எத்துணைப் பெரியதாயினும் 16,000 எழுத்துக்கு மேற்படாது. திருக்குறளில் 1330 பாக்கள், பாவிற்கு 7 சீராக 9,310 சீர்கள் உள்ளன. சீருக்கு இரண்டெழுத்தே எனக் குறைத்துக் கொள்ளினும் 18,620 எழுத்துக்கள் ஆகின்றன. ஓர் அறையை அடைத்து நின்ற பெரும்பொறி திருக்குறள் முழுவதையும் ஒருங்கே நினைவிற் கொள்ளும் ஆற்றல் அற்றதாய் இருந்தது என்பதனை இக்கணக்குக் காட்டும்.

பொறியை நாடிச் செல்லும் வருத்தத்தைக் குறைக்க எழுந்ததே நேரப்பகிர்வு முறை. 1961இல் அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் கொர்பாட்டோ என்பார் தலைமையில் இம்முறை செய்து காட்டப்பெற்றது. நடுவில் பொறி ஒன்று. சுற்றிலும் முனையங்கள் பல. ஒவ்வொருவர்க்கும் பொறி தமக்கே உரியது போன்ற தோற்றம். பிற்கால மென்முனையத்தின் வித்து இதன்கண் உள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பெற்ற பொழுது தமிழகமும் பெருங்கணிப்பொறிக் காலத்தில் முழுமையாக அடியெடுத்து வைத்தது எனலாம். அயல்நாட்டு நிறுமங்களின் பங்கினை வரையறுத்த சட்டத்தின் விளைவாக ஐ.பி.எம். நிறுமம் 1978இல் இந்தியாவை விட்டு நீங்கியது. அது விட்டுச் சென்ற பொறிகளைப் பேணும் பொறுப்பினைச் சி.எம்.சி. என்னும் அரசு நிறுமம் ஏற்றது. இந்நிறுமத்தின் பெயரை நாம் மீண்டும் காண்போம்.

விழுப்புரத்துச் சாளரம்

கணிப்பொறி வரலாற்றை எழுதுவோர் பெருங்கணிப்பொறி, தனிக் கணிப்பொறி, வலைக் கணிப்பொறி என மூன்று காலங்களாகப் பகுத்து, ஒன்று வீழ மற்றொன்று எழுந்ததாகக் கூறுதல் பெருவழக்கு. அவ்வரலாறு மேலைநாட்டு அலுவலகங்களுக்குப் பொருந்தலாம். நம் நாட்டுப் பொதுமக்கள் முதன்முதல் எதிர்கொண்ட கணிப்பொறிக்கு அது பொருந்தவில்லை. அம்முதற் கணிப்பொறி இரயில் நிலையத்து முன்பதிவுச் சாளரத்தின் பின்னே இருந்தது.

முன்பதிவு முறை கணிப்பொறிக்கு மாறுமுன் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனிப் பேரேடு இருந்தது. அப்பேரேடு உள்ள சாளரத்தில் மட்டுமே அவ்வண்டிக்கு இடம் பெறலாகும். மதுரைக்குச் செல்வோர் ஒரு வரிசையிலும் பம்பாய்க்குச் செல்வோர் வேறொரு வரிசையிலும் நின்றனர். மீள்பயணத்துக்குரிய இடத்தைத் தந்தி வாயிலாக வேண்டி, விடை வருமோ வாராதோ என்று காத்திருந்தனர். 1985-86இல் தில்லியில் சி.எம்.சி. நிறுமம் அமைத்த கணிப்பொறி முறை இப்பேரேடுகளையெல்லாம் ஒரு பொறிக்குள் கொணர்ந்தது. பின்னர்ச் சென்னை முதலிய நகரங்களிலும் இம்முறை பரவியது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999இல் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. அதன்பின் எம்மையத்தைச் சார்ந்த சாளரத்தினின்றும் எந்த வண்டிக்கும் இடம் பெறுதல் இயல்வதாயிற்று.

சாளரத்து எழுத்தர்முன் இருந்தது கணிப்பொறியன்று. எழுத்தை மட்டும் காட்டும் வெறும் முனையம். கணக்கு முழுவதும் மையத்திலேயே நிகழ்ந்தது. தனிக் கணிப்பொறி உலகெங்கும் ஓங்கியிருந்த காலத்திலும் இச்சாளரம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. பின்னாளில் பழைய முனையங்கள் தேய்ந்தபொழுது அவ்விடத்து மென்முனையம் வந்து அமர்ந்தது. முன்பதிவில்லாப் பயணச்சீட்டுக்கென 2002இல் தொடங்கிய முறையும் மையத்தைச் சார்ந்தே அமைந்தது. விழுப்புரம் சந்திப்பின் சாளரத்தைப் பொறுத்தவரை நடுக்காலம் என ஒன்று நிகழவே இல்லை.

இதன் காரணம் சிந்தித்தற்குரியது. வண்டியின் ஒரு படுக்கை உலகில் ஒன்றே. அதன் கணக்கு இரண்டு பொறிகளில் இருப்பின் இருவருக்கு விற்கப்படும். பொருள் ஒன்றாயின் அதன் கணக்கும் ஒன்றாதல் வேண்டும். சிக்கனமும் புதுமை வேட்கையும் அன்று, பொருளின் இயல்பே மையத்தை வேண்டி நின்றது. இக்கருத்தினை வாசகர் நினைவிற் கொள்க. ஆவணப் பதிவை ஆராயும்பொழுது இது மீண்டும் பயன்படும்.

தனிக் கணிப்பொறியும் தமிழெழுத்தும்

1981 ஆகத்துத் திங்களில் ஐ.பி.எம். தனிக் கணிப்பொறி வெளிவந்தது. பொறி மேசைக்கு வந்ததனால் உலகினர் பெற்ற நன்மைகள் பல. தமிழர்க்கோ அஃது ஒரு தனிநன்மை செய்தது. மையத்தோடு பிணைந்த பழைய முனையங்கள் உரோமன் எழுத்தினையே பெரிதும் காட்டவல்லன. அவற்றின் எழுத்துருக்களை மாற்றும் உரிமை சாளரத்தில் இருப்போர்க்கு இல்லை. தனிக் கணிப்பொறியிலோ உடையவன் தான் விரும்பிய எழுத்தை வரைந்து கொள்ளலாம். ஆகவே தமிழ் கணிப்பொறியில் ஏறியது அரசின் ஆணையாலும் பெருநிறுமங்களின் திட்டத்தாலும் அன்று. தம் மேசைமேல் தமக்கெனப் பொறி பெற்ற தனியார் சிலரின் ஆர்வத்தினாலேயாம். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் தொடங்கிய முரசு, கனடாவில் சீனிவாசன் ஆக்கிய ஆதமி, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் 1990களில் அளித்த மயிலை எழுத்துரு ஆகியன இதற்குச் சான்று. இம்மூவரும் தமிழகத்துக்கு வெளியே வாழ்ந்தவர்கள் என்பதும் நோக்கத்தக்கது.

உரிமை தந்த பொறி ஒற்றுமையைத் தரவில்லை. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனக் குறியீட்டு முறை ஒன்றை வகுத்துக் கொண்டது. பாமினியில் எழுதியது வானவிலில் விளங்காது. வானவிலில் எழுதியது மயிலையில் விளங்காது. அவரவர் பொறியில் அவரவர் எழுத்துரு இருந்தவரை இக்குறை புலப்படவில்லை. சில ஆண்டுகட்கு முன் பழைய நெகிழ்தட்டு ஒன்றில் இருந்த ஆய்வேட்டின் படியைத் திறந்து நோக்கினோம். திரையில் எழுந்தவை உரோமன் எழுத்துக்களும் குறிகளும் கலந்த பொருளற்ற வரிகளே. எழுதியவர் பயன்படுத்திய எழுத்துரு எதுவெனக் கண்டறிய இரு கிழமை ஆயிற்று. சிதைந்த ஏட்டுச்சுவடியிலேனும் எஞ்சிய எழுத்துத் தமிழாக இருக்கும். ஈண்டு அதுவும் இல்லை.

வலை பரவியபொழுதே இக்குறை வெளிப்பட்டது. ஒரு வழங்கியில் உள்ள நூலை உலகின் எம்முனையத்தினின்றும் படித்தல் வேண்டுமாயின் எல்லா முனையங்கட்கும் பொதுவான குறியீடு இன்றியமையாதது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டினைத் தொடர்ந்து தாம், தாப் என்னும் குறியீடுகளைத் தமிழக அரசு ஏற்றது. இணையக் குழுவினரின் உழைப்பால் திஸ்கி என்னும் குறியீடும் உருவாயிற்று. 1991 முதலே தமிழுக்கு இடம் வகுத்திருந்த ஒருங்குறியை, அனைத்தெழுத்துக் குறியீட்டோடு சேர்த்து, 2010இல் அரசு தரமாக அறிவித்தது. தனிக் கணிப்பொறி தமிழைப் பொறியில் ஏற்றியது. வலையே தமிழெழுத்தை ஒருமைப்படுத்தியது. இவ்விரண்டில் ஒன்றைப் போற்றி மற்றதைப் பழித்தல் வரலாறு ஆகாது.

சென்னையில் நிகழ்ந்த முயற்சி

மேலைநாட்டில் வலைக் கணிப்பொறி என்னும் கருத்தை 1995-96இல் ஆரக்கிள் நிறுமத்தின் எலிசன் பெரிதும் முழங்கினார். சன் நிறுமம் 1996இல் ஜாவா ஸ்டேஷனையும் 1999இல் சன் ரே என்பதனையும் வெளியிட்டது. தனிக் கணிப்பொறியின் விலை 1997 அளவில் ஆயிரம் டாலருக்குக் கீழ் இறங்கியதனால் முழக்கம் வலுவிழந்தது. இவை பலரும் எழுதியவையாதலின் விரிக்க வேண்டுவதில்லை.

தமிழகத்து முயற்சிகளோ அத்துணை அறியப்படாதவை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் அசோக் சுன்சுன்வாலாவும் அவர்தம் குழுவினரும் ஊர்ப்புறத்துக்குத் தொலைத்தொடர்பு கொண்டு செல்லும் நோக்குடன் கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறையை உருவாக்கினர். 2001 முதல் மதுரை மாவட்டத்து மேலூர்ப் பகுதியில் இம்முறையைக் கொண்டு சிற்றூர்தோறும் இணைய நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு தனிக் கணிப்பொறி நின்றது. பல நிலையங்கள் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. பின்னர்ச் சுன்சுன்வாலா, ராஜேஷ் ஜெயின், அமெரிக்கத் தொழிலதிபர் ரே ஸ்டாட்டா ஆகியோர் தொடர்பில் சென்னையில் நோவேட்டியம் என்னும் நிறுமம் எழுந்தது. அதன் நோவா நெட்பிசி என்னும் கருவி வன்தட்டு இல்லாதது. கைப்பேசிக்குரிய எளிய சில்லினைக் கொண்டது. பயன்படுத்துவோர் திங்கட்கட்டணம் செலுத்தி, மைய வழங்கியினின்று மென்பொருளைப் பெற்றனர். மின்சாரத்தையும் குடிநீரையும் பெறுதல் போலக் கணிப்பையும் பெறலாம் என்பது அவர் கருத்து.

இம்முயற்சி பரவலாக வேரூன்றவில்லை. காரணம் இணைப்பின் விரைவிலும் காலத்தின் போக்கிலும் உள்ளது என்பது நம் துணிபு. கார்டெக்ட் முறை நொடிக்கு 35,000 அல்லது 70,000 பிட் அளவே செலுத்தவல்லது. ஒரு குறட்பா ஒருங்குறியில் ஏறத்தாழ 200 பைட், அதாவது 1,600 பிட். 35,000 பிட் விரைவில் நொடியின் இருபதில் ஒரு பங்கிற்குள் அது வந்து சேரும். ஆனால் 1024க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையின் படத்தைச் சுருக்காது அனுப்பின், புள்ளிக்கு 8 பிட்டாக 62,91,456 பிட் ஆகும். இதற்கு மூன்று நிமையம் வேண்டும். சுருக்கும் உத்திகளால் இதனைப் பெரிதும் குறைக்கலாம் என்பது மெய்யே. எனினும் இரயில்வேச் சாளரம் எழுத்தை மட்டும் அனுப்பியதனால் மெலிந்த கம்பியிலும் வென்றது. படத்தை அனுப்ப முனைந்த வீட்டுமுனையத்துக்கு அகன்ற இணைப்பு வேண்டியிருந்தது. அவ்வகன்ற இணைப்பு ஊர்ப்புறத்தை எட்டிய காலத்தில் மக்கள் கையில் திறன்பேசி வந்துவிட்டது.

அரசின் போக்கு இதற்கு நேர்மாறாக அமைந்தமையும் குறிப்பிடத்தக்கது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. மாணவன் ஒருவனுக்குத் தனக்கே உரிய பொறியும், அதன்கண் தனக்கே உரிய கோப்புக்களும் இருத்தல் வேண்டும் என்னும் கொள்கை இதன்கண் அடங்கியுள்ளது. செலவு மட்டும் கருதுவோர் மென்முனையமே ஏற்றது என்பர். முதன்முறையாகப் பொறியொன்றை உடைமையாகக் கொண்ட குடும்பத்துப் பிள்ளையை நினைப்போர் அவ்வாறு விரைந்து கூறார்.

ஆவணப் பதிவு

செஞ்சிப் பகுதியில் ஒரு காணி நிலம் வாங்குவோன் முதற்கண் தேடுவது வில்லங்கச் சான்று. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி அசையாச் சொத்துப் பற்றிய ஆவணங்கள் முதற் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. ஆட்பெயர் அட்டவணை ஒன்றும் சொத்து அட்டவணை ஒன்றும் உடன் எழுதப்பட்டன. எழுத்தர் கையாற் படியெடுக்கும் வழக்கம் தமிழகத்தில் 2000இல் தொடங்கிய ஸ்டார் திட்டத்தால் மாறியது. ஆவணத்தை ஒளிவருடி, அவ்வச் சார்பதிவகத்துக் கணிப்பொறியிலேயே சேர்த்தனர். பேரேடு போய்ப் பொறி வந்ததேயன்றி, இருப்பிடம் மாறவில்லை. அவ்வூர் நிலத்தின் வரலாறு அவ்வூர் அலுவலகத்திலேயே இருந்தது.

2018 பிப்ரவரி 12ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஸ்டார் 2.0 அவ்விருப்பிடத்தை மாற்றியது. மாநிலத்தின் 570க்கும் மேற்பட்ட சார்பதிவகங்களும் ஒரு மைய வழங்கியைச் சார்ந்தன. 1975 முதலான வில்லங்க விவரங்களை யாரும் தம் வீட்டினின்றே காணலாயினர். முன்னே கூறிய நெறி ஈண்டும் பொருந்தும். நிலமும் படுக்கையைப் போல ஒன்றே. ஒரு மனையை இருவருக்கு விற்கும் வஞ்சனையைத் தடுக்கக் கணக்கு ஓரிடத்தில் இருத்தல் நன்று. ஆயின் முன்பு ஓர் அலுவலகத்துப் பொறி பழுதுற்றால் அவ்வலுவலகம் மட்டும் நின்றது. இன்று மையமோ இணைப்போ தளர்ந்தால் நல்ல நாள் பார்த்து வந்தோர் அனைவரும் எல்லா ஊர்களிலும் ஒருங்கே காத்திருப்பர். முகூர்த்த நாட்களில் பதிவு மிகும் என்பது துறையினர் அறிந்தது. அந்நாட்களின் சுமை முழுவதும் இன்று ஓரிடத்தின்மேல் வீழ்கின்றது.

படிகளின் இருப்பிடம்

நூல்களின் இயல்பு இதற்கு மாறானது. நிலம் ஒன்றே, நூலோ படிகளால் வாழ்வது. உ. வே. சாமிநாதையர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்க இயன்றது, ஒன்றில் சிதைந்த பகுதி மற்றொன்றில் எஞ்சியிருக்கும் வகையில் ஏடுகள் பல ஊர்களில் பலர் வீடுகளில் சிதறிக் கிடந்தமையால். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் அவற்றுள் அடங்கும். ஓரிடத்தில் தொகுத்தலின் இடர் யாதென நாம் பிறநாட்டு வரலாற்றில் தேட வேண்டுவதில்லை.

1998இல் பொங்கல் திருநாளன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டமும் தம் நூல்களை யாவரும் படியெடுத்துத் தம் பொறியில் வைத்துக் கொள்ள விடுகின்றன. ஏட்டுச்சுவடி மரபு இவற்றில் தொடர்கின்றது எனலாம். திரையில் மட்டும் காட்டிப் படியெடுக்க விடாத தளங்களோ மென்முனைய மரபைச் சார்ந்தவை. அங்கு வாசகனுக்கு நூல் தோன்றும். நூல் அவனிடம் இராது. தளத்தை நடத்துவோர் ஒரு பாடத்தைத் திருத்திவிடின், முன்னைய பாடம் யாதெனக் காட்டும் சான்று எவரிடமும் எஞ்சாது. பாடவேறுபாடுகளைக் கொண்டே நூலின் வரலாற்றை அறியும் நம்மனோர்க்கு இதனினும் பெரிய இழப்பு இல்லை. ஆய்வு மாணவர் தாம் மேற்கோள் காட்டும் மின்னூலின் படியைத் தம் பொறியில் நாளிட்டுச் சேர்த்து வைத்தல் வேண்டும் என்று நாம் வற்புறுத்தி வருவது இதன் பொருட்டே.

கல்வெட்டுக்களின் மைப்படிகள் இவ்விரு நிலைக்கும் இடைப்பட்டவை. கல் அதன் ஊரிலேயே நிற்கும். படி மையத்துக்குச் செல்லும். ஊல்ட்சு என்பார் 1886இல் சென்னையில் கல்வெட்டாய்வாளராக அமர்த்தப்பட்ட காலம் முதல் தமிழ்க் கல்வெட்டுக்களின் படிகள் ஓர் அலுவலகத்தில் திரளலாயின. அவ்வலுவலகம் உதகமண்டலத்தில் நெடுங்காலம் இருந்து, 1966இல் மைசூருக்குப் பெயர்ந்தது. அச்சேறாத படியொன்றைக் காண விரும்பிய தமிழ் மாணவர் மைசூருக்குச் செல்ல நேர்ந்தது. தமிழ்க் கல்வெட்டுக்களின் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021 ஆகத்துத் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. மண்டகப்பட்டுக் கல்வெட்டோ தமிழ்நாட்டுப் பாறையில் வடமொழியில் பல்லவ கிரந்தத்தில் அமைந்தது. தமிழ்ப் படிகள் பற்றிய ஆணை அதன் படியையும் தழுவுமோ என்பது சொல்லளவில் ஆராய்தற்குரியது. எபிகிராபியா இண்டிகாவில் அஃது அச்சேறியிருத்தலின், அவ்வேட்டின் தொகுதி உள்ள நூலகம் எதிலும் அதனைப் படித்துக் கொள்ளலாம்.